மாதம் ஒரு படம், அதே இடத்தில்: கூட்டாகப் படமெடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

2021 ஆவணியில் ஏழு பேர் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினோம். எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வடக்கே தொண்டி, மேற்கே மூக்கையூர், கிழக்கே அரிச்சல்முனை. இதற்குள் சில இடங்களைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அங்கே போய், அதே பக்கம் பார்த்து ஒரு படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். யாரும் படமெடுத்துச் சம்பாதிப்பவர் கிடையாது. ஒருவருக்கு மருந்துக்கடை, ஒருவர் லைன்மேன், ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். நான் கணக்கு எழுதுகிறவன்.

இப்போது இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். டீக்கடை, கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு என்று எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்களையே கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். வேறு ஊரில் இதுபோல் தொடங்க நினைப்பவர்களுக்கும் பயன்படலாம்.

ஒரே இடத்தைப் போய்ப் போய் எடுக்கிறதுல என்னண்ணே இருக்கு?

முதல் வருஷம் ஒன்றும் இருக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாம்பன் கரையில் எங்களுக்கு ஒரு இடம் உண்டு. அங்கே எடுக்கிற தம்பி ஒவ்வொரு மாதமும் "போன மாசம் மாதிரியேதான் இருக்கு" என்று சொல்லித்தான் படத்தை அனுப்புவான். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், பக்கத்தில் புதுப் பாலத்துக்குத் தூண்கள், கடல். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது. 2024-இல் புதுப் பாலத்தின், கப்பல் போக மேலே எழும்பும் தூக்குப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தது. அதற்கப்புறம் ஒருநாள் எல்லாப் படங்களையும் வரிசையாக லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தோம். தம்பி வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு பயனும் உண்டு. "பாம்பனில் கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்" என்று அடிக்கடி செய்தி வருகிறது அல்லவா? எங்கள் வரிசையில் அதே பாறைகள் வருஷத்துக்குப் பல தடவை வெளியே தெரிகின்றன. ஒரு படத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். நாற்பது படத்தைச் சேர்த்துப் பார்த்தால், தண்ணீர் வற்றுகிறது, ஏறுகிறது என்று புரியும்.

எங்கிட்ட போன்தான் இருக்கு. சேர்த்துக்குவீங்களா?

தாராளமாக. எங்களில் பாதிப் பேர் போனில்தான் எடுக்கிறார்கள். இரண்டே நிபந்தனை. ஒன்று, சாதாரண லென்ஸில் எடுக்க வேண்டும். ஜூம் வேண்டாம், அகலக் கோணமும் வேண்டாம். இரண்டு, அழகாக்கும் வசதி எதையும் போட்டு எடுக்கக் கூடாது. போன் மாற்றினால் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு போனும் பிடிக்கிற அகலம் கொஞ்சம் வேறுபடும். அதனால் எப்போதும் வேண்டியதைவிடச் சற்று அகலமாக எடுத்து, பிறகு வெட்டிச் சரிசெய்வதுதான் நல்லது.

எத்தனை பேர் வேணும்? எத்தனை வருஷம்?

ஐந்து பேர் போதும், ஆனால் அந்த ஐந்து பேரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரும் பழக்கமுள்ளவர்களாக இருந்தால் நல்லது. ஊரைக் கூட்டித் தொடங்காதீர்கள். வருஷக் கணக்கைப் பொறுத்தவரை, முதலில் மூன்று என்று சொல்லித் தொடங்குங்கள். பத்து என்றால் ஆட்கள் மலைத்துப் போவார்கள், ஒன்று என்றால் மேலே சொன்ன பாலம் மாதிரி எதுவும் அகப்படாது.

எடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? தனுஷ்கோடி மாதிரி நல்ல எடமா பாத்து எடுக்கலாம்ல?

இந்தத் தப்பை நாங்களும் செய்தோம். முதல் பட்டியலில் தனுஷ்கோடி இடிந்த தேவாலயம், அரிச்சல்முனைத் தூண், தேவிபட்டினம் நவபாஷாணம், வில்லூண்டித் தீர்த்தம் என்று எல்லாமே காலண்டரில் வருகிற இடங்கள். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தை ஒரு நாளைக்கு நூறு பேர் எடுக்கிறார்கள். இன்னும் இருபது வருஷம் கழித்துத் தேடினாலும் அதன் படம் கிடைக்கும். கிடைக்காதது எது? பாம்பனில் படகு செப்பனிடும் இடம், கீழக்கரையில் பழைய பண்டகசாலைத் தெரு, வாலிநோக்கம் உப்பளத்து வரப்பு, மண்டபத்தில் ஐஸ் உடைக்கிற கொட்டகை. இவற்றை யாரும் எடுப்பதில்லை.

இப்போது எங்கள் கணக்கு இப்படி: பேர்பெற்ற இடம் ஒன்று என்றால் பேரில்லாத இடம் மூன்று. மாறப்போகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இடத்துக்கு முன்னுரிமை. கடல் அரிக்கிற கரை, ரோடு அகலப்படுத்தக் கல் நட்ட இடம், விற்பனைக்குப் பலகை மாட்டிய பழைய வீடு. இரண்டு கடலும் (தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை) இருக்க வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள். கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் குளம் மாதிரி கிடக்கும், வாடை காலத்தில் தலைகீழ். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான்.

கடைசியாக ஒரு சோதனை. மழையில், காய்ச்சலில், பஸ் ஸ்ட்ரைக் நாளில் நீங்கள் அங்கே போவீர்களா? உங்கள் வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ பத்து நிமிஷத்தில் போகக்கூடிய இடத்தைத்தான் நாங்கள் கொடுக்கிறோம். மாவட்டக் கடற்கரை ஏறத்தாழ 237 கி.மீ. நீளம், மாதாமாதம் ஒருவரே சுற்றிவர முடியாது. கூட்டாகச் செய்வதே அதற்காகத்தான்.

அதே எடத்துல நின்னேன்னுதான் நினைக்கிறேன். ஆனா படம் ஒட்டவே மாட்டேங்குதே?

எங்கள் குழுவில், நிற்கும் இடத்தை 'முளை' என்று சொல்வோம். முதல் இடத்தில் நிஜமாகவே வேலங்குச்சியை முளையாக அடித்தோம், ஆடு கட்டுகிற மாதிரி. அடுத்த மாதம் போனால் மணல் மூடியிருந்தது. அதற்கடுத்த மாதம் யாரோ அடுப்புக்கு எடுத்துப் போயிருந்தார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது. போனில் காட்டும் இடக்குறியை நம்பினோம், அதுவும் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். சில மீட்டர் தள்ளி நின்றால் பக்கத்தில் இருக்கும் படகு முழுசாக இடம்மாறிவிடும்.

வழி சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெரியவர், வத்தை என்கிற சிறு படகில் மீன்பிடிப்பவர். நாங்கள் குனிந்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா தரையப் பாக்குறீக? தூரத்துல பாருங்க" என்றார். நடுக்கடலில் பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடத்தை அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கரையில் இருக்கும் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் தெரியும் கோபுரத்தையும் ஒரே நேராகக் கொண்டுவருவார்கள். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை நேராக்குவார்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். அதையே நாங்கள் தரையில் செய்கிறோம். படத்தின் இடது பக்கம் மின்கம்பமும் பள்ளிவாசல் மினாராவும் ஒன்றையொன்று மறைக்க வேண்டும். வலது பக்கம் சுவரின் மூலையும் தண்ணீர்த் தொட்டியின் காலும் ஒட்டி நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் நிற்பது அதே இடம்தான், சந்தேகமே வேண்டாம்.

முதல் படத்தைச் சிறிதாகப் பிரிண்ட் போட்டு, இந்த நான்கு அடையாளங்களையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, லேமினேட் செய்து பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் போன் திரை தெரியாது, இது தெரியும். உயரத்தையும் எழுதிவையுங்கள், "நெஞ்சு உயரம்" என்று எழுதினால்கூடப் போதும். ஆனால் யாருடைய நெஞ்சு என்று எழுத வேண்டும். எங்கள் மருந்துக்கடைக்காரர் ஆறடி.

எந்த நேரம், எந்த நாள் போகணும்? ஞாயித்துக்கெழமைதான் எனக்கு லீவு.

ஞாயிறு என்றால் எப்போதும் ஞாயிறு. எந்தக் கிழமை என்பதல்ல விஷயம், அது மாறக் கூடாது. காரணம், இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிறது. ஒரு மாதம் ஞாயிறு, அடுத்த மாதம் புதன் என்று போனால் இறங்குதளத்தில் நிற்கும் படகுகளின் எண்ணிக்கை மாறும். "படகு குறைந்துவிட்டது" என்று யாராவது முடிவுகட்டிவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். அந்த இரண்டு மாதப் படங்களையும் கட்டாயம் எடுக்க வேண்டும். ஆனால் மற்ற மாதங்களோடு அவற்றை ஒப்பிடாதீர்கள், போன வருஷத்துத் தடைக்காலத்தோடு ஒப்பிடுங்கள்.

கடற்கரை இடங்களுக்குக் கிழமையைவிடத் திதிதான் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். நாங்கள் பௌர்ணமிக்கு அடுத்த நாள் என்று வைத்திருக்கிறோம். அமாவாசையை எடுத்துக்கொண்டால் தை, ஆடி மாதங்களில் அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் தலைதான் தெரியும், கரை தெரியாது.

நேரம் காலை ஏழிலிருந்து எட்டுக்குள். நண்பகல் வேண்டாம், அது வெயிலுக்காக மட்டும் சொல்வதல்ல. ராமேஸ்வரம் சுமார் 9.3 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் ஒருநாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அன்று நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. அதே சுவர் ஒரு பருவத்தில் வெளிச்சமாகவும் இன்னொரு பருவத்தில் இருட்டாகவும் வரும். காலையிலும் சூரியன் இடம்மாறத்தான் செய்யும்; ஆனியில் வடகிழக்கே, மார்கழியில் தென்கிழக்கே, கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வரை தள்ளி உதிக்கும். ஆனாலும் பக்கவாட்டு வெளிச்சம் என்பதால் சமாளிக்கலாம்.

உப்புக்காத்து கேமராவைத் தின்னுடாதா?

தின்னும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை. முக்காலியின் கால்களைக் குழாயடியில் கழுவிக் காயவையுங்கள். தனுஷ்கோடியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். அங்கே காற்றடித்தால் மணல் கேட்காமலே உள்ளே போகும். வாயால் ஊதுகிற பழக்கமும் வேண்டாம். பீரோவில் பூட்டிவைத்தால் லென்ஸில் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் வறுத்துத் திரும்பப் போடலாம்.

படத்தை வாட்ஸ்அப்ல போட்டா போதும்ல?

போதாது. படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், எந்த நாள், எந்த நேரம், எந்த கேமரா என்று கோப்புக்குள் இருக்கும் விவரமும் போய்விடும். வாட்ஸ்அப்தான் வசதி என்றால் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே வரும்.

பெயர் வைப்பதில் ஒழுங்கு வேண்டும். முளை எண், வருஷம், மாதம், நாள், எடுத்தவரின் இரண்டெழுத்து. இந்த வரிசையில் வைத்தால் கணினியே காலவரிசையாக அடுக்கிக்கொடுக்கும். ஆரம்பத்தில் எங்கள் பெட்டியில் 'பாம்பன் நல்லது', 'பாம்பன் நல்லது புதுசு', 'பாம்பன் இதுதான்' என்று மூன்று கோப்புகள் இருந்தன. மூன்றும் ஒரே படம். கேமரா வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை அதன் கடிகாரத்தைப் போனோடு சரிபாருங்கள். பேட்டரி செத்துக் கிடந்த கேமரா பழைய வருஷத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அரிச்சல்முனையில் போன் இலங்கை டவரைப் பிடித்தால் நேரம் மாறாதா என்று ஒருவர் கேட்டார். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். ரோமிங் செலவைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் படத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்க்ல வெச்சிருக்கோம். பத்திரமாத்தான இருக்கும்?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரண்டாம் வருஷம் ஒருநாள் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எட்டு மாதப் படங்கள். வெளியூரில் ஒரு கடையில் கொடுத்து, கேட்ட காசைக் கொடுத்து, பாதிதான் திரும்பி வந்தது. மீதியை ஒவ்வொருவர் போனிலும் தேடித் தேடிச் சேர்த்தோம். ஒரு இடத்தின் மூன்று மாதப் படங்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுருங்கிய அளவில்தான் இருக்கின்றன. முன் பதிலை எழுதும்போது குரல் கொஞ்சம் உயர்ந்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது மூன்று பிரதி. இரண்டு வெவ்வேறு டிஸ்கில், ஒன்று இணையத்தில். டிஸ்க் இரண்டில் ஒன்று மதுரையில் ஒரு உறுப்பினரின் அக்கா வீட்டில் இருக்கிறது. புயல் என்று வந்தால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஒரே ராத்திரியில்தான் தண்ணீர் புகும், இரண்டையும் இங்கேயே வைத்து என்ன பயன்? கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, ஒரு வருஷத்துக்கே போதவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இடம் வாங்கியிருக்கிறோம்.

எடிட் பண்ணலாமா? குப்பையை மட்டும் எடுத்துட்டா படம் அழகா இருக்கும்.

குப்பை இருந்தது என்பதுதான் செய்தி. சாய்வை நிமிர்த்தலாம், ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. வானத்தை மாற்றுகிற வசதி இப்போது பல போன்களில் வந்துவிட்டது. ஒருவர் ஐப்பசி மழை நாளுக்கு நீல வானம் போட்டு அனுப்பினார், கீழே ரோடு முழுக்க ஈரம். எப்படியும் தொடாத மூலக்கோப்பைத்தான் சேமிப்பில் வைக்கிறோம்.

எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா எங்க கலை எங்க போறது?

நியாயமான கோபம். அதனால்தான் ஆளுக்கு இரண்டு வரிசை வைத்திருக்கிறோம். ஒன்று முளைப் படம், இதில் பேச்சுக்கு இடமில்லை. இன்னொன்று இஷ்டப் படம். அதே நாளில் அந்த இடத்தைச் சுற்றி எப்படி வேண்டுமானாலும் எடுங்கள், மூன்றுக்கு மேல் அனுப்ப வேண்டாம். இஷ்டப் படத்துக்கு மாதம் ஒரு கேள்வி கொடுப்போம். "வெயிலுக்கு எங்கே ஒதுங்குகிறார்கள்?", "எதில் பெயர் எழுதியிருக்கிறது?", "இந்த மாதம் புதிதாக வந்த கயிறு எது?" என்பது மாதிரி.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1930-களில் அமெரிக்க அரசு தன் கிராமப்புற நிலைமையைப் படமெடுக்கச் செய்தபோது, அந்த வேலையை நடத்திய ராய் ஸ்டிரைக்கர் படமெடுப்பவர்களுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். வாக்கர் எவன்ஸ், டொரத்தியா லேங்கே எல்லாம் அப்போது வேலை செய்தவர்கள்தான். பட்டியலால் அவர்கள் கெட்டுப்போகவில்லை.

எங்கெல்லாம் எடுக்கக் கூடாது? தீவுக்குப் போகலாமா? டிரோன்?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. "எங்க மாமா படகுல போயி அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்" என்று ஆள் இருக்கும், போகாதீர்கள். மாட்டினால் மாமாவின் படகும் சேர்ந்து போகும். வனத்துறையே நடத்தும் படகுச் சவாரிகள் இருக்கின்றன, அதில் போங்கள்.

உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, சற்றுத் தள்ளி சர்வதேசக் கடல் எல்லை. டிரோன் பேச்சே எங்கள் குழுவில் கிடையாது. சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எடுப்பதும் கிடையாது. கரையிலிருந்தே பாலம் நன்றாகத் தெரிகிறது. பூநாரைக் கூட்டத்தைப் பறக்கவைத்து எடுப்பவர்களை உடனே வெளியேற்றிவிடுவோம். ஆமை முட்டையிட வரும் மாதங்களில் ராத்திரி பிளாஷ் அடிக்கக் கூடாது.

மீன்காரங்க, பாசி எடுக்கிற பொம்பளைங்க திட்டுறாங்களே?

திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்தில் ஒரு அக்கா முதல் நாள் என்னிடம் கேட்டது இது: "எங்கள எடுத்து என்னப்பா செய்யப் போற? போன தடவ ஒருத்தன் எடுத்துட்டுப் போனான், திரும்பி வரவே இல்ல." அவர்கள் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள். வெளியூர்க் கேமராவுக்கு அது வேடிக்கை. அவர்களுக்கு, பார்க்கல் கையைக் கிழிக்காமல் இருக்க அது தேவை.

எங்கள் முறை: முதல் இரண்டு தடவை கேமராவை வெளியே எடுப்பதில்லை. மூன்றாம் தடவை கேட்டுவிட்டு எடுப்போம். நான்காம் தடவை போகும்போது பிரிண்ட் கையில் இருக்கும். கொடுக்காமல் அடுத்த படம் எடுப்பதில்லை. அந்த அக்காவுக்கு பிரிண்ட் கொடுத்தபோது ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல நான்னு யாருக்குத் தெரியும்? கண்ணாடியக் கழட்டிட்டு ஒண்ணு எடு தம்பி" என்றார். எடுத்தோம். அந்தப் படம் எங்கள் சேமிப்பில் இல்லை, அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

கடலுக்குப் போனவர்கள் கைதாகிவிட்டார்கள் என்று செய்தி வந்த நாளில் அந்த ஊரில் யாரையும் எடுக்காதீர்கள். முளைப் படம் மட்டும் எடுத்துவிட்டு வாருங்கள், அதில் முகம் தெரியாது.

தெரியாம ஏதாவது வில்லங்கமானதை எடுத்துட்டா என்ன செய்யிறது?

கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் தடை. கரையில் சில நேரம் பார்க்கக் கூடாதது கண்ணில் படும். நாம் துப்பறிய வந்தவர்கள் இல்லை. நின்று பார்க்காமல், கேள்வி கேட்காமல் கிளம்பிவிடுங்கள். படத்தை எங்கும் போடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம், ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து மாதிரி ஏதாவது என்றால் கடலோரப் பாதுகாப்புக்கு 1093 என்ற எண் இருக்கிறது.

பொம்பளப் புள்ளைக தனியா போகலாமா?

எங்கள் குழுவில் யாருமே தனியாகப் போவதில்லை. ஒரு முளைக்கு இரண்டு பேர்.

ஆறு மாசத்துல பாதிப் பேரு கழண்டுக்கிட்டாங்க. என்ன பண்றது?

கழன்றுகொள்ளட்டும். எங்களில் முதல் ஏழு பேரில் மூன்று பேர்தான் மிச்சம். படம் வராவிட்டால் யாரும் திட்டுவதில்லை என்று ஒரு விதி வைத்தோம், அது நல்ல விதி. குற்றவுணர்ச்சி வந்தால் ஆள் குழுவிலிருந்தே காணாமல் போய்விடுவார். ஒரு மாதம் தவறினால் ஓடிப்போய்ச் செய்யும் மாற்று ஆள் தேவை. முளைக்கு இரண்டு பேர் என்று மேலே சொன்னது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

பிடித்துவைப்பது படமல்ல, சாப்பாடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். போன கூட்டத்துக்குப் பிறகு வந்த படங்களை இரண்டிரண்டாகத் திரையில் போடுவோம்: இந்த வருஷ மாசி, போன வருஷ மாசி. கீழக்கரையில் கூடினால் தொதல் என்கிற இனிப்பு உண்டு. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா வீட்டுல எப்ப?" என்று கேட்பவர்கள் படத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. விருப்பக்குறி, போட்டி, 'இந்த மாதச் சிறந்த படம்' எல்லாம் வைத்துப் பார்த்தோம். வென்றவர் மெத்தனமானார், தோற்றவர் வரவில்லை. நிறுத்திவிட்டோம்.

படம் யாருக்குச் சொந்தம்? பத்திரிகையில கேட்டா யாரு குடுக்கிறது?

எடுத்தவருக்கே சொந்தம். வேலையாகவோ, காசு வாங்கிக்கொண்டோ எடுத்தால்தான் கதை வேறு. காப்புரிமை அவர் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் உண்டு. குழுவில் சேர்வதால் மட்டும் குழுவுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது, எழுத்தில் வாங்க வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். நீண்டகால வேலையில் 5 ஆண்டு முடியும்போதுதான் வேலையே ருசிக்க ஆரம்பிக்கும். அதனால் காலம், இடம் இரண்டையும் எழுதுங்கள்.

எங்கள் ஒருபக்கக் காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான். தனிப்படத்தை யாருக்குக் கொடுப்பது என்று எடுத்தவர் முடிவுசெய்வார். வரிசையாகக் காட்ட வேண்டுமென்றால் குழுவின் சம்மதம் வேண்டும். எங்கே வந்தாலும் எடுத்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் வர வேண்டும். காசு வந்தால் முதலில் டிஸ்க் வாங்கப் போகும்.

நிக்கிற எடமே போயிட்டா?

இரண்டு விதமாகப் போகும். ஒரு இறங்குதளத்தில் எங்கள் முளைக்கு நேர் எதிரே ஆளுயரத் தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டார்கள். வெறும் சிமெண்ட் சுவரை எடுத்து என்ன செய்ய என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பன்னிரண்டு மாதம் சுவரையே எடுத்தோம். நான்காம் மாதம் அதில் கட்சிச் சின்னம் வந்தது, ஏழாம் மாதம் வலை காயப்போட்டார்கள், பத்தாம் மாதம் ஒரு பெஞ்சு. பிறகு பத்தடி தள்ளிப் புது முளை. ஒரே நாளில் பழையதிலும் புதியதிலும் நின்று எடுத்துவிட்டால் வரிசை அறுபடாது.

நிற்கும் மணலே கடலுக்குள் போய்விட்டால் பின்வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நேராகப் பின்னால் போய், அதே அடையாளங்களை வைத்து நில்லுங்கள், எத்தனை அடி பின்வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். சில இடங்களில் அந்த எண்ணுக்காகவே பிறகு கேட்டு வருகிறார்கள்.

எடுத்தவரே இல்லாமப் போயிட்டா?

இதை ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலில் சொன்ன வாத்தியார் மூன்றாம் வருஷம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் முடிந்து அவர் மகன் போனையும் மெமரி கார்டையும் கொண்டுவந்து கொடுத்தார். காப்புரிமை இப்போது குடும்பத்துக்கு. ஆனால் மேலே சொன்ன காகிதத்தில் சார் காலம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்ததால் வரிசை நிற்கவில்லை. கார்டில் நாங்கள் பார்க்காத படங்களும் இருந்தன: ஒவ்வொரு மாதமும் முளைப் படம் எடுத்த கையோடு, திரும்பி நின்று எதிர்ப்பக்கத்தையும் ஒன்று எடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மூன்றாம் முளையில் இரண்டு பக்கமும் எடுக்கிறோம்.

இப்ப சேர்ந்தா எனக்கு எந்த எடம் கிடைக்கும்?

இப்போதைக்கு வாலிநோக்கம் உப்பளத்து வரப்பு காலியாக இருக்கிறது. எடுத்துக்கொண்டிருந்த தம்பிக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. லேமினேட் அட்டை என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், அங்கே நிழல் கிடையாது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு கைப்பம்பு வரும். அது ஓடவில்லை, ஆனால் அதை மறைக்காமல் நில்லுங்கள்.